கைப்பிடிக்கு அடியில் இரண்டு புள்ளி

போன மாதம் ரித்திகா ஒரு படம் அனுப்பினாள். நான் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த தோல் பெட்டிக் கம்பெனியில் இப்போது வெப்சைட் வேலை பார்க்கும் பெண். நான் வெளியே வந்த வருஷம் உள்ளே போனவள். படத்தில் எங்கள் சூட்கேஸ் ஒன்றின் கைப்பிடி, தலைகீழாக. கைப்பிடியின் உட்புறத்தில், தூக்கும்போது விரல்கள் மடங்கித் தொடும் இடத்தில், இரண்டு புள்ளி. கீழே ஆங்கிலத்தில் நாலு வரி எழுதியிருந்தது. ராஜஸ்தானத்து அரண்மனை ஒன்றில் யானைமேல் ஏற்றும் பெட்டிகளுக்கு இட்ட இரட்டை நட்சத்திர முத்திரையாம் அது. அந்த மரபை நாங்கள் விடாமல் காப்பாற்றி வருகிறோமாம்.

"மேம், இது சரிதானே? ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க, ஜல்தி" என்று இந்தியில் கேட்டிருந்தாள்.

சரியில்லை. அரண்மனையும் கிடையாது, யானையும் கிடையாது. அந்தப் புள்ளிகள் லக்ஷ்மிபாய் நகர் அரசுக் குடியிருப்பில் இருந்த ஒரு செக்‌ஷன் ஆபீசருடையவை. அவை எங்கள் பெட்டிக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் நான் செய்த ஒரு தப்பு.

ரித்திகாவுக்குப் போனில் முக்கால் மணி நேரம் சொன்னேன். அச்சா, அச்சா என்று கேட்டாள். கடைசியில், "ஆனா யானை நல்லா இருக்கே மேம்" என்றாள். யானை நல்லாத்தான் இருக்கிறது, யார் இல்லையென்றது. ஆனாலும் நடந்ததைத் தமிழில் ஒரு தடவை எழுதிவிட வேண்டும் என்று அன்றைக்கே தோன்றிவிட்டது. அந்தத் தப்பைத் தமிழ் தெரிந்த ஒருத்திதான் செய்திருக்க முடியும். தமிழ் தெரியாத யார் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் சரியாகச் செய்திருப்பார்கள்.

கம்பெனியின் பெயரை இங்கே எழுதவில்லை. அதற்குக் காரணம் ரகசியம் இல்லை, பழக்கம். அந்தக் காலத்தில் எங்கள் பெயரைப் பெட்டியின் வெளியே போடவே மாட்டோம். மூடியைத் திறந்தால் உள்துணியின் ஓரத்தில், சட்டைக் காலரில் தையல்காரர் பெயர் இருக்குமே, அந்த அளவில் இருக்கும்.

நான் சேர்ந்தபோது கம்பெனி என்பது ஜங்புராவில் ஒரு வீட்டின் பின்பக்கம், ஒரு கார் ஷெட், தோல் வெட்டித் தைக்கும் காரிகர்கள் நாலு பேர். முதலாளிகள் அண்ணன் தம்பி இரண்டு பேர். அவர்களின் அப்பா சதர் பஜாரில் தகரப் பெட்டி விற்றவர். தகரத்திலிருந்து தோலுக்குப் போக வேண்டும் என்று அண்ணனுக்கு ஆசை. போனால் அதை விமானத்தில் போகிறவர்களுக்குத்தான் விற்க வேண்டும் என்று தம்பிக்கு ஆசை. இரண்டு ஆசைக்கும் நடுவில் உட்கார்ந்து ஆர்டர் எடுத்தவர், தோல் பார்த்தவர், ஆள் எடுத்தவர் அண்ணனின் மனைவி. தம்பி பாபிஜி என்று கூப்பிட்டார். அதையே பிடித்துக்கொண்டு காரிகர்கள், தபால்காரர், வாடிக்கையாளர்கள், கடைசியில் அவருடைய மாமனார்கூட, அவரை பாபிஜி என்றே கூப்பிட்டார்கள். ஊருக்கெல்லாம் அண்ணி.

என்னை வேலைக்கு எடுத்தது என் மூக்குக்காக. என் அப்பா ஆம்பூர்க்காரர். அங்கிருந்து டெல்லிக்கு வரும் தோலை இறக்கிப் பிரித்து அனுப்பும் வேலையில் இங்கே வந்தவர். பி.ஏ. முடித்துவிட்டு நின்ற என்னிடம் பாபிஜி இரண்டு துண்டுத் தோலைக் கொடுத்தார். சர்ட்டிபிகேட்டைப் பார்க்கவில்லை. மோந்து பார்த்தேன். ஒன்று ஆவாரம்பட்டையில் பதனிட்டது, ஒன்று கெமிக்கல் என்றேன். ஆவாரம் என்றால் என்ன என்று கேட்டார். மஞ்சள் பூ பூக்கும், அதன் பட்டை என்றேன். "திங்கட்கிழமை வா" என்றார்.

முதல் இரண்டு வருஷத்தைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். தையல் எனக்கு வரவில்லை. வெட்டவும் வரவில்லை. ஒரு நல்ல தோலைக் கோணலாக வெட்டிவிட்டு அழுதேன், காரிகர் சலீம் பாய் அதில் தனக்கு ஒரு மூக்குக் கண்ணாடி உறை தைத்துக்கொண்டார். ஆர்டர் புத்தகம் எனக்கு வந்தது. அதோடு உட்கார்ந்துவிட்டேன்.

பெட்டி உறுதியா என்று பார்க்க எங்களிடம் மெஷின் கிடையாது. வீட்டுக்கு மாடிப்படி இருந்தது. பாபிஜி தன் கையால் போட்ட மாங்காய் ஊறுகாயை ஒரு கண்ணாடி ஜாடியோடு புதுப் பெட்டிக்குள் வைத்து, இரண்டு பழைய சால்வையைச் சுற்றி, பூட்டி, மாடியிலிருந்து உருட்டிவிடுவார். கீழே நாங்கள் எல்லோரும் நின்று பார்ப்போம். ஜாடி உடைந்தால் கடுகெண்ணெய் உள்துணி முழுக்க இறங்கும், பெட்டி போச்சு, ஊறுகாயும் போச்சு. ஊறுகாய்தான் பெரிய நஷ்டம் என்பார் தம்பி. அடுத்த வீட்டு அம்மா ஒருநாள் மெதுவாக என்னைக் கூப்பிட்டு, "அந்த வீட்ல தினமும் சண்டையா?" என்று கேட்டார். பெட்டி விற்கிறார்கள் ஆன்ட்டி என்றேன். அவர் நம்பவில்லை.

அந்த ஆர்டர் ரிஜிஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஆர்டருக்கும் நாலு கட்டம். பெயர். மூடிமேல் பொறிக்க வேண்டிய எழுத்து. பெட்டி எங்கே போகிறது. நாலாவது, பாபிஜி தானே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது: யார் தூக்குவது.

வாங்குகிறவர் வேறு, தூக்குகிறவர் வேறு. டிரைவர் தூக்குவதாக இருந்தால் கைப்பிடி அகலம். மூட்டுவலிக்காரர் என்றால் பருமன் கூட்டி. மோதிரம் போடும் பெண் கை என்றால் உட்புறம் ஒரு நூல் தட்டையாக, மோதிரம் அழுந்தாமல். ஒரு கர்னல், "பெட்டி வாங்க வந்தா கையைக் காட்டச் சொல்றீங்க, ஜாதகமும் பார்ப்பீங்களா?" என்று கேட்டார். பாபிஜி சிரிக்காமல், "எண்பது வயசு வரைக்கும் தூக்குவீங்க, ரேகை சொல்லுது" என்றார். கர்னல் இரண்டு பெட்டி வாங்கினார்.

எழுத்துப் பொறிப்பது வேறு மாதிரி காரியம். அதில் சிரிப்பு கிடையாது. பித்தளை எழுத்துகளை அச்சுச் சட்டத்தில் கோத்து, சூடேற்றி, முதலில் அதே தோலின் வெட்டுத் துண்டில் ஒரு தடவை அழுத்திப் பார்க்க வேண்டும். பிறகு மூடியின்மேல் பொன் தாளை விரித்து நெம்புகோலை இறக்கி ஏக், தோ, தீன். மூன்றுக்குமேல் ஒரு நொடி போனால் எழுத்தின் ஓரம் கருகும், குறைந்தால் பொன் ஒட்டாது. நெம்புகோலை இறக்கும் முன் ஆர்டர் சீட்டை ஒருவர் வாய்விட்டு வாசிக்க வேண்டும், இன்னொருவர் அச்சைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். வாசிப்பது என் வேலை. தோலுக்கு ரப்பர் கிடையாது என்பார் பாபிஜி.

ஒரு பெரிய ஹோட்டலுக்குள் கடை வைத்திருந்தவர் ஒருநாள் வந்தார். மாதாமாதம் பெட்டி எடுத்துக்கொள்வதாகவும், ஆனால் கம்பெனி பெயர் வெளியே பெரிதாகத் தெரிய வேண்டும் என்றும் சொன்னார். தம்பிக்கு முகமெல்லாம் விளக்கு. பாபிஜி, "வெளியே வாங்கறவங்க எழுத்து. உள்ளே நம்ம எழுத்து. நம்ம பேரைச் சுமக்க அவங்களை நாம வேலைக்கா வெச்சிருக்கோம்?" என்றார். ஹோட்டல்காரர் போய்விட்டார். தம்பி இரண்டு நாள் சாப்பாட்டை ஷெட்டில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டார். மூன்றாவது நாள் பாபிஜி தட்டை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கே போய்விட்டார்.

இந்த நிலையில்தான் சுந்தரம் சார் வந்தார்.

காலை பத்து மணி. பஸ்ஸில் வந்த வியர்வை. அரைக்கைச் சட்டை, அக்குளில் ஒரு அட்டை ஃபைல். இந்தியில் ஆரம்பித்தவர் என் பெயரைக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஜெயந்தியா? தமிழா? அப்பாடா. இந்தியில பெட்டிக்கு ஆண்பாலா பெண்பாலான்னு யோசிச்சுக்கிட்டே வந்தேன்."

திருநெல்வேலிக்காரர். மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். ஒரே மகள் நளினி. மூன்று வாரத்துக்கு முன் ஊரில் போய்க் கல்யாணம் முடித்துவிட்டு வந்திருக்கிறார்கள். மாப்பிள்ளை மஸ்கட்டில் வேலை, முன்னாலேயே திரும்பிப் போய்விட்டார். இவள் இரண்டு வாரத்தில் போக வேண்டும். "அவ கையில ஒரு நல்ல பெட்டி இருக்கட்டும். மத்ததெல்லாம் அட்டைப் பெட்டியில போனாலும் சரி" என்றார்.

நடுத்தர அளவு. தேன் நிறம். ஆவாரம்பட்டைத் தோல். சீட்டில் எழுத்தை அவரையே எழுதச் சொன்னேன். S.N. என்று எழுதினார். அவ்வளவு அழகான கையெழுத்து. எழுதி முடித்ததும், நான் கேட்காமலேயே, அடியில் தன் சுருக்கொப்பத்தையும் போட்டார். ஒரு S, அதன் வால் நீண்டு அடியில் ஓடும், வாலுக்குக் கீழே டக் டக் என்று இரண்டு புள்ளி. முப்பது வருஷமாக ஃபைல்களில் போட்டுப் போட்டு, கை தானாகச் செய்தது.

"மாப்பிள்ளை பேரு என்ன சார்?"

"ராகவன்."

பிறகு காபிப் பொடி எங்கே வாங்குகிறீர்கள் என்று ஆரம்பித்தது பேச்சு, கரோல்பாக் கடை ஒன்றின் சிக்கரியைத் திட்டி முடிக்க அரைமணி ஆனது. அவர் போன பிறகுதான் பார்த்தேன், நாலாவது கட்டம் காலி. யார் தூக்குவது என்று கேட்கவில்லை. பெண்ணுக்குப் பெட்டி, பெண் தூக்குவாள், இதில் கேட்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன். அடுத்தது S.N. எனக்கு மனசுக்குள் ஒரு சிரிப்பு. பாவம், மனுஷர் பழக்க தோஷத்தில் பழைய இனிஷியலையே எழுதிவிட்டார். நம்மிடத்தில் பெயருக்கு முன்னால் அப்பாவின் எழுத்து, கல்யாணமானால் புருஷனின் எழுத்து. எஸ். நளினி இனிமேல் ஆர். நளினி. S-ஐ அடித்து R ஆக்கினேன்.

பாபிஜி பார்த்தார். "இதென்ன, மாத்திட்டே?"

விளக்கினேன். எங்கள் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது பாபிஜி, எழுத்துதான், அது கல்யாணத்தில் மாறும், அங்கிள் மறந்துவிட்டார் என்று.

"போன் பண்ணிக் கேட்கலாமே?"

"ஆபீஸ்ல இருப்பார். சின்ன விஷயம். அவருக்குத்தான் சங்கடமா இருக்கும்."

"நீ மதராசி, உனக்குத் தெரியும்" என்று போய்விட்டார். அந்த நம்பிக்கைக்காகத்தானே என்னை வைத்திருந்தார்கள்.

அச்சுக்கு முன் நானே உரக்க வாசித்தேன். ஆர், என். ஏக், தோ, தீன்.

நளினி கிளம்பும் வாரத்துச் செவ்வாய்க்கிழமை சுந்தரம் சார் பெட்டி வாங்க வந்தார். வியாழன் மதியம் விமானம். பெட்டியைப் போர்த்தியிருந்த மஞ்சள் துணியை நானே விலக்கினேன். தேன் நிறத் தோலில் பொன் எழுத்து, அவ்வளவு நன்றாக வந்திருந்தது. அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். குனிந்தார். நிமிர்ந்து கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தார்.

"நான் எழுதிக் குடுத்தது வேற இல்லியாம்மா?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "ஆமா சார், நீங்க பழக்கத்துல பழைய இனிஷியலையே எழுதிட்டீங்க. நான் பார்த்துட்டேன்."

"ஆமா" என்றார். "பழக்கந்தான்."

எழுத்தின்மேல் கட்டைவிரலை வைத்தார். எடுக்கவில்லை. பிறகு பேசினார், என்னிடம் இல்லை, பெட்டியிடம் பேசுகிற மாதிரி.

"பாஸ்போர்ட் ஆபீஸ்ல நானேதான் நின்னேன். பேங்க் புக்கு, ரேஷன் கார்டு, எல்லா ஃபாரமும் நான் நிரப்புனதுதான். எல்லாத்துலயும் S-ஐ அடிச்சு R. ஆபீஸ்ல ஒரு எழுத்தை அடிச்சா, யாரு அடிச்சாங்கன்னு பக்கத்துல இனிஷியல் போடணும். அந்த ஃபாரத்துல எல்லாம் அதுக்கு இடமே வைக்கல." சிரித்தார். "இது ஒண்ணுலயாவது பழைய எழுத்து இருக்கட்டும்னு நெனச்சேன். அவகிட்ட சொல்லல. யார்கிட்டயும் சொல்லல. சரி விடும்மா. யோசிச்சுப் பாத்தா நீ செஞ்சதுதான் சரி."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டுகிறவருக்குப் பதில் சொல்லலாம்.

உள்ளே இருந்த பாபிஜிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எங்கள் இருவரின் முகமும் தெரிந்தது. வந்து நின்று பெட்டியின் பூட்டை இரண்டு தடவை திறந்து மூடினார். "பாய் சாப், இந்தப் பூட்டு சரியில்லை. வியாழக்கிழமை காலையில வீட்டுக்கே கொண்டுவந்து தர்றோம்."

"நல்லாத்தானே இருக்கு?" என்றார் சுந்தரம் சார் இந்தியில்.

"பூட்டு எனக்குத் தெரியும்" என்றார் பாபிஜி.

அவர் போனதும் நான் எல்லாவற்றையும் சொன்னேன். பாபிஜிக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது, பென்சில் சீவுவார். அன்று நாலு பென்சில் சீவினார். சுருள் சுருளாக மேஜையில் விழுந்ததைக் கையால் குவித்தார். அந்தச் சீவல் சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கும்.

என்ன செய்யலாம்? மூடியின் தோலையே மாற்றலாம், ஆனால் புதுத் தோல் ஒட்டி இறுகக் குறைந்தது மூன்று நாள். கையில் இருப்பது ஒன்றரை நாள். பொன்னைச் சுரண்டினால் தழும்பு. மேலே ஒரு தோல் துண்டு தைக்கலாம் என்றார் சலீம் பாய். "புதுப் பெட்டிக்கு பிளாஸ்திரியா?" என்றார் பாபிஜி. நான் பயந்துகொண்டே, முன்னால் ஒரு S சேர்த்து S.R.N. ஆக்கிவிடலாமா என்று கேட்டேன்.

"ஒரு பெட்டிக்குள்ள மூணு பேர்" என்றார். "அதுல பொண்ணு கடைசியில நிக்கிறா."

பிறகு ரிஜிஸ்டரைத் திறந்தார். சீவிய பென்சிலின் முனையைக் காலியாக இருந்த நாலாவது கட்டத்தில் வைத்தார்.

"யார் தூக்கப்போறது?"

"கேட்கலை, பாபிஜி."

"போய்க் கேளு."

புதன்கிழமை பதினொரு மணிக்கு லக்ஷ்மிபாய் நகரில் இறங்கினேன். சார் ஆபீசில் இருப்பார் என்று தெரிந்தே அந்த நேரம். கதவைத் திறந்தவள் நளினி. கையில் மறுபடி இட்ட மருதாணி பாதி அழிந்திருந்தது. கட்டில் முழுக்கப் புடவை, அதன்மேல் பிரஷர் குக்கர், குக்கருக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு பிள்ளையார். சமையலறையில் அவள் அம்மா முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார்.

"பூட்டு சரியாச்சா, தீதி?" என்றாள், டெல்லிப் பழக்கத்தில் அக்காவுக்குப் பதில்.

பூட்டில் ஒன்றும் இல்லை என்றேன். நடந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல முதலில் சிரித்தாள்.

"அப்பா எல்லாத்துலயும் இனிஷியல் போடுவாரு தீதி. கேஸ் சிலிண்டர் வந்த தேதியில போடுவாரு. காலண்டர்ல. என் ரிப்போர்ட் கார்டுல போடறது சரி, என் பென்சில் டப்பாவுக்குள்ளகூட. ஃப்ரெண்ட்ஸ்லாம் கேப்பாங்க, இது என்னடி பூச்சின்னு." ஒரு புடவையை எடுத்து மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். "என்கிட்ட சொல்லவேயில்ல பாருங்க. பாஸ்போர்ட் மாத்தி வாங்கிட்டு வந்து, 'எல்லாம் கரெக்டா இருக்கா பாரு'ன்னு ஆபீஸ் மாதிரி நீட்டுனாரு. நானும் கரெக்ட்னு வாங்கி வெச்சுக்கிட்டேன்."

"இப்ப மேல என்ன எழுத்து வேணும்னு நீ சொல்லு. முடிஞ்சதைச் செய்யறோம்."

"மேல R.N. இருக்கட்டும். அதுதான் இப்ப என் பேரு. எனக்கும் பிடிச்சிருக்கு, அவருக்கும் பிடிக்கும்." யோசித்தாள். "ஆனா எங்கேயாவது..."

எங்கே என்று எனக்கும் தெரியவில்லை. வந்த காரியத்தைக் கேட்டேன். "பெட்டியை யாரு தூக்குவாங்க?"

"நான்தான். வேற யாரு, கூலியா வெச்சுப்பேன்?" என்று சொல்லிக்கொண்டே இல்லாத பெட்டி ஒன்றைத் தூக்குகிற மாதிரி கையை மடக்கினாள். மடக்கிய விரல்களைத் திருப்பிப் பார்த்தாள். மருதாணி விரல் நுனிகள் உள்ளங்கையைப் பார்த்து வளைந்திருந்தன.

"இங்க" என்றாள். "இங்க போட முடியுமா? விரல் படற இடத்துல. வெளியில யாருக்கும் தெரியாது. வெறும் எழுத்து வேண்டாம். அப்பா போடற மாதிரி. வாலோட. ரெண்டு புள்ளியோட."

"முடியும்னு நினைக்கிறேன்."

"அவர்கிட்ட சொல்லாதீங்க தீதி. சொன்னா வேண்டாம்பாரு. காரணம் ஒண்ணு ரெண்டு மூணுன்னு நோட்டிங் எழுதுவாரு."

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "என்ன ரெண்டு பேரும் குசுகுசுன்னு? அந்தப் பெட்டியில முறுக்கு டின்னுக்கு இடம் இருக்கான்னு கேளுட்டி."

இடம் இருக்கு ஆன்ட்டி என்றேன்.

சலீம் பாய்க்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆர்டர் சீட்டில் சார் போட்டிருந்த சுருக்கொப்பத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, "இது தேள்" என்றார். தேள்தான், இதைக் கைப்பிடிக்கு அடியில் விட வேண்டும் என்றேன். வெட்டுத் துண்டுகளில் ஏழு தேள் போட்டுப் பார்த்தார். பிறகு கைப்பிடியின் உட்புறத்தை ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டுக் காத்திருந்தார். தண்ணீர் மேலே பளபளக்கக் கூடாது, உள்ளே போயிருக்க வேண்டும், தோல் நிறம் திரும்ப ஆரம்பிக்கும் நேரம்தான் நேரம். மொக்கை ஊசியை அனலில் காட்டி, கீறாமல், தள்ளித் தள்ளி வரைந்தார். ஆவாரம்பட்டைத் தோல் அதற்கு இடம் கொடுக்கும், கெமிக்கல் தோல் கொடுக்காது. புள்ளிகளை ஊசியின் உருண்டை முனையால் அழுத்தினார். கொஞ்சம் கூடுதலாகவே இறங்கிவிட்டது.

"புள்ளி ஆழமாப் போச்சு, பாபிஜி" என்றார் வருத்தமாக.

பாபிஜி கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தார். விட்டார். மறுபடி பிடித்தார். "எழுத்து தெரியலை. வால் தெரியலை. ரெண்டு புள்ளி மட்டும் தெரியுது." கண்ணைத் திறந்தார். "போதும்."

பிறகு நடந்ததை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், ரித்திகா கேட்டது அதைத்தானே. மஸ்கட்டில் நளினியின் பெட்டியைத் தூக்கிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி, தனக்கும் அப்படி ஒன்று வேண்டும், விரல் படும் இடத்தில் தன் அம்மாவின் எழுத்தோடு என்று கடிதம் எழுதினாள். பின்னாலேயே இன்னும் இரண்டு கடிதம். சலீம் பாய் யார் எழுத்தைக் கொடுத்தாலும் அடியில் இரண்டு புள்ளியையும் சேர்த்தே போட்டார். அது டிசைனின் பாகம் என்று நினைத்திருந்தார். நான் திருத்தப் போனேன், பாபிஜி என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். பெட்டிகள் போன ஊரிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. அந்த ஹோட்டல்காரரும் திரும்பி வந்தார், "அந்தப் புள்ளி வெச்ச பெட்டி" என்று கேட்டுக்கொண்டு. ஷெட் போதாமல் ஓக்லாவில் பெரிய இடம் பிடித்தோம். ஆர்டர் பெருகப் பெருக, ஒவ்வொரு கைப்பிடிக்கும் தனி எழுத்து வரைய ஆளில்லை. எழுத்து நின்றுபோயிற்று. புள்ளி நிற்கவில்லை. இப்போது சக்கரம் வைத்த பெட்டியிலும் இருக்கிறது. யாரும் தூக்குவதில்லை, இழுத்துக்கொண்டு போகிறார்கள், ஆனாலும் இருக்கிறது. எனக்கு இன்றுவரை என் அப்பாவின் எழுத்துதான், மாற்ற வேண்டிய அவசியம் நேரவில்லை. நான் வேலையை விட்டபோது கொடுத்த பெட்டியிலும் அதே இரண்டு புள்ளிதான்.

பழைய ரிஜிஸ்டரை யாராவது தேடி எடுத்தால், அந்த ஆர்டரின் நாலாவது கட்டத்தில் இரண்டு பேர் இருப்பார்கள். நளினி, என் பேனாவில். பக்கத்தில் பென்சிலில், பாபிஜி எழுதியது: பிதாஜி. அது வியாழக்கிழமை நான் திரும்பி வந்து சொன்ன பிறகு எழுதியது.

வியாழக்கிழமை காலை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். குடியிருப்பின் முன்னால் கறுப்பு மஞ்சள் டாக்ஸி ஏற்கனவே நின்றது, டிக்கியைத் திறந்துவைத்துவிட்டு டிரைவர் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு பஞ்சாபி அம்மா நளினியின் கன்னத்தைத் தடவித் தடவி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். சுந்தரம் சார் கையில் ஒரு பட்டியல். பாஸ்போர்ட், டிக். டிக்கெட், டிக். மாத்திரை, டிக்.

"பூட்டு சரியாச்சாம்மா?" என்றார்.

"ஆச்சு சார்."

நளினி பெட்டியை வாங்கினாள். எல்லோர் முன்னாலும் சாதாரணமாகத்தான் வாங்கினாள். கைப்பிடிக்கு அடியில் அவள் விரல்கள் போனதை நான் மட்டும் பார்த்தேன். என்னைப் பார்க்காமல் உள்ளே போனாள். புடவையும் முறுக்கு டின்னும் உள்ளே போய், அவள் அம்மா மூடிமேல் உட்கார்ந்து, பூட்டி, பெட்டி வாசலுக்கு வந்தது. டிரைவர் பீடியைப் போட்டுவிட்டு வந்தார்.

"ரஹனே தோ பையா" என்று தடுத்தார் சுந்தரம் சார். "நான் வைக்கிறேன்."

பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். குனிந்து தூக்கினார். இரண்டு படி இறங்கினார். நின்றார்.

பெட்டியைக் கீழே வைத்தார். வலது கையை விரித்து உள்பக்கம் பார்த்தார். ஏதாவது குத்திவிட்டதா என்று பார்ப்பது போலத்தான் இருந்தது. கைப்பிடியைத் திருப்பிப் பார்க்கவில்லை. மறுபடி பிடித்தார். இந்தத் தடவை மெதுவாக, ஒவ்வொரு விரலாக மடக்கி.

தூக்கிக்கொண்டு நடந்தார். திறந்திருந்த டிக்கியைத் தாண்டினார். டாக்ஸியைத் தாண்டினார். வேப்பமரத்தைத் தாண்டி, பால் பூத் வரைக்கும் அதே நடையில் போனார், ஒரு பக்கமாகச் சாய்ந்து, மற்ற கையை லேசாக விரித்துக்கொண்டு. பஞ்சாபி அம்மா பேச்சை நிறுத்திவிட்டார். டிரைவர் என்னைப் பார்த்தார். பால் பூத்தில் சார் திரும்பினார், அப்போதும் பெட்டியைக் கை மாற்றவில்லை.

நளினி படியிறங்கி வந்து கூப்பிட்டாள். "அப்பா, டாக்ஸி இங்க இருக்கு."

"தெரியும்" என்றார்.